பின் அடித்த பக்கங்கள்

எறும்புகள் புத்தக அலமாரிக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கூடத்தைப் பெருக்க வந்த நான், துடைப்பத்தோடு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். வாசற்படி விரிசலில் தொடங்கிய வரிசை சுவரோரமாக வந்து, டிவி மேசைக்குக் கீழே வளைந்து, அலமாரியின் அடித்தட்டில் ஏறியது. சின்னச் சிவப்பு எறும்புகள். கடிக்கிற வகை.

எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கு எறும்பு வரும். அதிரசத்துக்கு வரும். புத்தகத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அந்தத் தட்டு என் மகள் யாழினியுடையது. ஏழு வயது. பிஸ்கட் எதையாவது ஒளித்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

மஞ்சள் தூளை எடுத்துவந்து தரையில் ஒரு கோடு போட்டேன். எறும்புகள் கொஞ்சம் தயங்கின. பிறகு கோட்டைச் சுற்றிக்கொண்டு போயின.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. மறுநாள் திங்கட்கிழமை. மலைமேல் இருக்கும் ஒரு பள்ளிக்கு, வேலைக்கு வருகிறேனா இல்லையா என்று நான் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைச் சுமந்துகொண்டிருந்தவளுக்கு எறும்பைத் திட்டத் தெம்பில்லை.

எறும்புகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று சொல்வதற்குமுன், அந்தத் தட்டில் இருந்த புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வாரம் யாழினியின் மூச்சிழுப்புக்கு நெபுலைசர் வாங்கிய கதையை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "இத்தனை பதற்றத்துக்கு நடுவில் நீங்கள் படிப்பதுண்டா, என்ன படிப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார்.

எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிக்கிறேன்.

பாய் கடைக் கட்டு

யாழினி படிப்பது இங்கிலீஷ் மீடியம். தமிழை அவள் அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்குவாள். நான் அறிவியல் டீச்சர், தமிழ் டீச்சர் இல்லை. ஆனாலும் பெற்ற பிள்ளைக்குத் தாய்மொழி வராதது எனக்கு அவமானமாக இருந்தது. படமும் பேச்சுமாக இருக்கிற புத்தகம் வாங்கிக் கொடுத்தால் படிப்பாள் என்று ஒரு தோழி சொன்னாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அன்வர் பாயின் பழைய பேப்பர் கடை இருக்கிறது. எடைக்கு வரும் புத்தகங்களில் நல்லதாகப் பார்த்துத் தனியாக அடுக்கிவைப்பார்.

"இன்னா டீச்சர், சமையல் புக்கா கோலம் புக்கா?"

"காமிக்ஸ் இருக்குங்களா பாய்?"

"பாப்பாவுக்குங்களா?"

"ஆமாங்க."

"குதிர மேல போறவன், துப்பறியறவன்லாம் போயிடுச்சு. இந்தப் பறக்கற ஆளுங்க கட்டு ஒண்ணு கெடக்குது. ஒரு வக்கீல் வூட்ல இருந்து வந்துது. பையன் வெளிநாடு போயிட்டானாம். ஒரு பக்கம்கூட கிழியல, பாருங்க."

சணலால் கட்டியிருந்த கட்டைத் தட்டித் தூசு போக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அதை யாழினியிடம் கொடுக்காமல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

இது என் வழக்கம். அவளுக்குப் போகும் எதையும் நான் முதலில் சோதித்துவிடுவேன். கொய்யாப் பழத்தை இரண்டு தரம் கழுவுவேன். பூங்காவில் ஊஞ்சல் இருந்தால் முதலில் நான் உட்கார்ந்து ஆடிப் பார்ப்பேன். அங்கே இருக்கும் மற்ற அம்மாக்கள் சிரிப்பார்கள். சங்கிலி தாங்குமா என்று அவர்களுக்குச் சந்தேகமே வராதா என்று எனக்குத் தோன்றும்.

அப்படித்தான் நான் காமிக்ஸ் வாசகி ஆனேன். அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, துணி துவைத்து, பாத்திரம் கழுவி, மத்தியானம் கால் நீட்டும் நேரத்தில் ஒவ்வொரு புத்தகமாகப் படித்தேன்.

துவைக்காத போர்வை

என் அபிப்பிராயங்களைச் சொல்கிறேன். காமிக்ஸ் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சாப்பாடு. கல்தோளன் என்று ஒருவன். தோள் இரண்டும் பாறையாகிப்போனவன். அடிக்கிறான், அடி வாங்குகிறான், ரயில் போகும் பாலத்தைத் தாங்கிப் பிடிக்கிறான். கையில் இருந்த எல்லாப் புத்தகத்தையும் புரட்டிவிட்டேன். அவன் ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. சாப்பிட்டாயா என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. நகரமே திரண்டு கைதட்டுகிறது, ஒரு தம்ளர் மோர் கொடுக்க ஆளில்லை.

அடுத்தது துணி. எல்லோரும் முதுகில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சாக்கடையில் விழுந்து எழுந்தாலும் அடுத்த பக்கத்தில் அது மடிப்புக் கலையாமல் மினுங்குகிறது. ஐப்பசி மழையில் ஒரே ஒரு பள்ளிச் சீருடையை மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் விரித்து, அப்படியும் காயாமல், இஸ்திரிப் பெட்டியால் ஈரத்தை விரட்டியிருக்கிறேன். அந்தப் போர்வையை யார் துவைக்கிறார்கள் என்பது எனக்குச் சின்னக் கேள்வி இல்லை.

இதைச் செல்வி அண்ணியிடம் சொன்னேன். அவர் என் கணவரின் அக்கா. பக்கத்து வீடு, நடுவே ஒரே சுவர். தையல் வேலை செய்கிறார். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஒனக்கு இருக்கற தலவலி பத்தலன்னு புக்குல வேற போய்த் தேடிக்கினு இருக்கியா சங்கீதா?"

"நீங்களே பாருங்க அண்ணி."

நான் நீட்டியது புழுதிக்காரியின் புத்தகம். புழுதியாகக் கரைந்து சாவித் துவாரம் வழியே நுழைபவள். அண்ணி படத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"தச்சவன் எவனோ ஆம்பளதான். இடுப்பாண்ட துணி ரொம்ப கம்மி. குனிஞ்சா டார்னு போயிடும். இவ எப்டி சண்ட போடறா?"

எனக்கு வேறொரு கவலை இருந்தது. அவள் புழுதியாகி ஒரு வீட்டு மூலையில் ஒளிந்திருக்கும்போது, அந்த வீட்டுக்காரி என்னைப்போல இரண்டு வேளையும் பெருக்குகிறவளாக இருந்தால் என்ன ஆவது?

ஒவ்வொரு சண்டையிலும் கட்டடங்கள் சரிகின்றன. கடைசிப் பக்கத்தில் சூரியன் உதிக்கிறது, எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். நான் இடிந்ததைப் பார்க்கிறேன். அந்த அடுக்குமாடியில் யாரோ மாவுக்கு அரிசி ஊறப்போட்டிருந்திருப்பாள்.

வில்லன்களைப் பற்றி நான் சொல்வது தப்பாகக்கூட இருக்கலாம். எழுதுகிறவர்கள் அவர்கள்மேல்தான் அதிக அக்கறை எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. ஒருவன் மருத்துவன். நோயில் கிடக்கும் மகளுக்கு மருந்து தேடித்தேடிக் கெட்டுப்போனவன். ஊர்த் தண்ணீரில் எதையோ கலக்கத் திட்டம் போடுகிறான். மன்னிக்க முடியாது. ஆனால் ஒரு கட்டத்தில் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான். உள்ளங்கையால் இல்லை, புறங்கையால். அதை வரைந்தவர் வீட்டில் எப்போதோ ஒரு குழந்தை காய்ச்சலில் கிடந்திருக்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி

எனக்குப் பிடித்தவன் ஓசையன்.

நகரத்தில் யார் எங்கே அழுதாலும் அவனுக்குக் கேட்கும். அதுதான் அவனுடைய சக்தி. கதையில் எல்லோரும் இதைக் கண்டு வாய் பிளக்கிறார்கள். எனக்கு அதிசயமாகத் தெரியவில்லை. குக்கர் விசில், மிக்சி, பக்கத்து வீட்டு டிவி எல்லாவற்றையும் தாண்டி, அடுத்த அறையில் யாழினியின் மூச்சு லேசாக விசிலடிப்பது எனக்குக் கேட்கும். பாதித் தூக்கத்திலும் கேட்கும். அவளுக்கு இழுப்பு ஜாஸ்தியானதால்தான் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையைப் போன வருடம் விட்டேன்.

ஒரு பக்கத்தில் ஓசையன் உயரமான தண்ணீர்த் தொட்டியின்மேல் காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கீழே நகரம். அந்தப் பக்கம் முழுக்க ஒரு எழுத்துகூட இல்லை. முதுகு மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. கையில் இருந்த கட்டு முழுவதிலும் உண்மையான பக்கம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த பக்கத்தில் அவன் எழுந்து பறந்துவிடுகிறான். எழுதியவருக்கு அவசரம். நான் மட்டும் அந்தத் தொட்டியிலேயே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், வேன் ஹாரன் கேட்கும்வரை.

அம்மா சாகும் பக்கம்

ஆனால் ஒரு விஷயத்தை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாப் புத்தகத்திலும் அம்மா செத்துப்போகிறாள்.

கல்தோளனின் அம்மா நிலச்சரிவில் சாகிறாள். புழுதிக்காரியின் அம்மா தீயில். ஓசையனின் அம்மா மாடிப்படியில் விழுந்து, மகன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே சாகிறாள். அந்தக் குரல்தான் அவன் காதைத் திறந்துவிடுகிறதாம். அப்பாக்கள் சாகும்போது இரண்டு பக்கத்துக்குப் புத்தி சொல்லிவிட்டுச் சாகிறார்கள். அம்மாவுக்கு ஒரு கட்டம், ஒரு 'ஐயோ'. அவள் போனால்தான் கதை நகரும் என்று எல்லோரும் பேசிவைத்துக்கொண்டதுபோல இருக்கிறது.

எங்கள் ஊரில் இதை வெறும் கதையாகப் படிக்க முடியாது. கருணாபுரத்தில் சாராயம் குடித்து அத்தனை பேர் போன அந்த ஆனி மாதத்துக்குப் பிறகு, அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பெண் கொஞ்ச நாள் கழித்து என் வகுப்புக்குத் திரும்பி வந்தாள். அவளுக்கு எந்தச் சக்தியும் வந்திருக்கவில்லை. எப்போதும் இறுக்கமாக இருக்கும் இரட்டைப் பின்னலில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருந்தது. அவ்வளவுதான். இடைவேளையில் கூப்பிட்டு, அவிழ்த்துப் பின்னிவிட்டேன்.

அதனால் ஸ்டேப்ளரை எடுத்தேன். ஒவ்வொரு புத்தகத்திலும் அம்மா சாகும் இடத்தில், எதிரெதிராக இருக்கும் இரண்டு பக்கங்களையும் சேர்த்து மூடி, ஓரத்தில் பின் அடித்தேன். அதன் பிறகே யாழினியிடம் கொடுத்தேன்.

அவள் படித்தாள். நான் நினைத்ததைவிட வேகமாகப் படித்தாள். ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்தாள்.

"ம்மா, ஓசையன் புக்குல ரெண்டு பக்கம் ஒட்டிக்கினு இருக்குது."

"பழைய புக்குல்ல. அச்சடிச்சவங்க தப்பு."

"ஓசையனோட அம்மா மொதல்ல இருந்தாங்க. அப்பறமா காணோம். எங்க போனாங்க?"

மழை விட்ட நாள். மேற்கே கல்வராயன் மலை நீலமாக, பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"மலைக்குப் போயிருக்காங்க."

"எதுக்கு?"

"வேலைக்கு."

"எப்ப வருவாங்க?"

"வருவாங்கடி. துணியப் புடி."

அவள் துணியைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது.

உன் இஷ்டம்

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் மலையிலிருந்து போன் வந்தது. வெள்ளிமலையைத் தாண்டி, விடுதியோடு கூடிய ஒரு பள்ளி. எப்போதோ விண்ணப்பித்துவிட்டு நானே மறந்திருந்தேன். அறிவியல் டீச்சர் வேண்டும், பெண் பிள்ளைகளோடு விடுதியிலேயே தங்க வேண்டும். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கலாம்.

எனக்குப் போக ஆசையாக இருந்தது. இதை எழுதும்போதும் பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று தோன்றுகிறது. ஒரு வருடமாக நான் யாழினி அம்மா மட்டும்தான். பாய் ஒருவர்தான் இன்னமும் டீச்சர் என்று கூப்பிடுகிறார். இதை விட்டால் இன்னொரு வேலை வரும் என்று சொல்ல முடியாது. போனால், வாரத்தில் ஐந்து இரவு அவள் மூச்சு எனக்குக் கேட்காது.

என் கணவரிடம் கேட்டேன். அவர் அரிசி ஆலையில் மேற்பார்வை பார்க்கிறார். சாப்பிட்டுக்கொண்டே, "உன் இஷ்டம்" என்றார். இந்த இரண்டு சொல்லைவிடக் கனமான மூட்டை அவருடைய ஆலையில்கூட இருக்காது.

அண்ணியிடம் கேட்டேன்.

"போயேன். நடுவுல செவுரு ஒண்ணுதான. அந்தப் பொகை மெஷின் வெக்கறதுக்கு எனக்கும் தெரியும்."

"அவ இருப்பாளா அண்ணி?"

"அவ இருப்பா. நீ இருப்பியான்னு பாரு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது யாழினியிடம் மெதுவாகச் சொன்னேன். "அம்மா மலைக்கு வேலைக்குப் போவட்டுமா? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்துடுவேன்."

தயிர் சோற்றில் இருந்த அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் மாறிப்போனாள். நான் குளித்தால் கதவுக்கு வெளியே நிற்பாள்.

"ம்மா."

"இன்னாடி?"

"ஒண்ணுல்ல."

தூங்கும்போது என் நைட்டியைக் கையில் சுருட்டிக்கொண்டு தூங்கினாள். தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிள்ளையால் பிரிவைத் தாங்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். வரவில்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அந்த முடிவோடுதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைப்பத்தை எடுத்தேன்.

சோற்றுப் பருக்கை

இப்போது எறும்புகளுக்கு வருகிறேன்.

அலமாரித் தட்டில் இருந்த பொம்மையை எடுத்து உதறினேன், எதுவும் விழவில்லை. கலர் பென்சில் டப்பாவில் ஒன்றுமில்லை. எறும்புகள் காமிக்ஸ் அடுக்குக்குள்தான் நுழைந்துகொண்டிருந்தன. ஓசையன் புத்தகத்தை எடுத்தபோது விரலில் ஒன்று கடித்தது.

நான் மூடிய பக்கங்கள் மூடியேதான் இருந்தன. ஆனால் ஓரத்தில் பின் இல்லை. பின் இருந்த இடத்தில் சின்ன ஓட்டைகள். பக்கத்தின் விளிம்பில் வரிசையாக, நசுக்கித் தேய்த்த சோற்றுப் பருக்கைகள். சில காய்ந்து மஞ்சளாகியிருந்தன. சில நேற்றுச் சோறு. அவற்றைத்தான் எறும்புகள் சுரண்டிக்கொண்டிருந்தன.

கல்தோளனை எடுத்தேன். அதிலும் சோறு. புழுதிக்காரியிலும் சோறு.

பின்னால் யாழினி வந்து நின்றிருந்தாள். தலை கலைந்து, ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"பின்னுலாம் எங்கடி?"

"கழட்டிட்டேன்."

"எதால?"

"நெகவெட்டியால."

"எப்ப?"

"அன்னிக்கே. நீ மாடியில சொன்னல்ல, அன்னிக்கே."

அவளே சொன்னாள்.

"மலைக்குலாம் போவல. செத்துட்டாங்க."

"தெரிஞ்சப்பறம் ஏன் மறுபடியும் ஒட்டி வெச்ச?"

"நீதான மூடி வெச்சிருந்த. நீ பாத்தா பயந்துக்குவ."

அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். எறும்பு அவள் காலில் ஏறியது, தட்டிவிட்டேன்.

"இந்தச் சோறு நேத்து சோறு. நேத்தும் தொறந்தியா?"

"டெய்லியும் தொறப்பேன்."

"எதுக்குடி?"

அவள் என் நைட்டியின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நீயும் மலைக்குப் போறேன்னு சொன்னல்ல. எப்டி போவாங்கன்னு பாத்தேன்."

அடுக்களையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. இட்லிப் பானையில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. எழுந்து போய் அடுப்பை அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. காலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர நேரம் ஆனது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணிதான் குரல் கொடுத்தார்.

"சங்கீதா, இன்னாமோ கருகுது பாரு."

முறுக்கு

திங்கட்கிழமை மலைக்குப் போன் செய்தேன். பதில் சொல்வதற்குமுன் ஒரு தடவை மகளோடு வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமா வாங்க. ஸ்வெட்டர் எடுத்துனு வாங்க" என்றார் தலைமை ஆசிரியை.

அந்தச் சனிக்கிழமை போனோம். பஸ்ஸில் ஏறும்வரை அவள் என் கையை விடவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். கண்டக்டர் ஜன்னலோரம் மாறி உட்காரச் சொன்னார். வளைவுகளில் கீழே தெரிந்த ஊரை அவள் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பள்ளி சின்னது. எனக்கென்று காட்டிய அறையில் இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் ஆணிகள், ஒரு பச்சை வாளி. யாழினி கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். ஜன்னல் கம்பியை அசைத்துப் பார்த்தாள். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடிப் பார்க்கும் என்னை அப்போது நினைத்துக்கொண்டேன்.

வெளியே குழாயடியில் ஒரு விடுதிப் பெண் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். மல்லிகா என்று பெயர், பத்து வயது இருக்கும். யாழினி அவளுக்கு எதிரே போய் நின்றாள்.

"ஒங்கம்மா எங்க?"

"கீழ போயிருக்குது."

"கீழன்னா?"

"மணலூர்பேட்ட பக்கம். கரும்பு வெட்ட."

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளை.

"நெசமாவா?"

"நெசமாத்தான். போன ஞாயித்துக்கெழம வந்துச்சே."

"வந்தாங்கன்னு எப்டி தெரியும்?"

மல்லிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது இன்னா கேள்வி" என்று தட்டைக் கவிழ்த்துவிட்டு உள்ளே ஓடினாள். ஒரு தகர டப்பாவோடு வந்தாள். அடியில் கொஞ்சம் தூளும் ஒரு உடைந்த முறுக்கும் இருந்தன.

"அம்மா வாங்கினு வந்தது. மத்ததெல்லாம் இவளுங்க தின்னுட்டாளுங்க. இந்தா."

யாழினி அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கடித்தாள். மெதுவாக, ரொம்ப நேரம் மென்றாள். பிறகு என்னிடம் வந்து, ரகசியம்போல, "கீழ பண்ற முறுக்குதாம்மா" என்றாள்.

திரும்பும் வழியில் அவள் வாந்தி எடுக்கவில்லை. என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். கோமுகி அணை தெரியும் வளைவில் பஸ் குலுங்கியபோது மட்டும் கண்ணைத் திறந்து, "நீ வர்றப்ப எதுனா எடுத்துனு வரணும். கீழ கெடைக்காததா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டாள்.

கீழே கிடைக்காதது

இதை மலையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னமும் தெரியாது. திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறும்போது தப்பு என்று தோன்றும். வகுப்பில் பிள்ளைகளோடு அவரை விதையை அறுத்துப் பார்க்கும்போது சரி என்று தோன்றும். ராத்திரி மறுபடியும் தப்பாகிவிடும். எதுவாக இருந்தாலும் அலுப்பு ஒன்றுதான்.

இங்கே எல்லா இடத்திலும் சிக்னல் கிடைப்பதில்லை. பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் படியில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். தினமும் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து பேசுகிறேன். அண்ணி போனை யாழினியின் வாய்க்கு அருகே பிடிப்பார்.

"மூச்சு விடு பாக்கலாம்."

அவள் விடுவாள். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றதால் கேட்பேன்.

"இன்னொரு தடவ."

"போதும்மா. நல்லாதான் இருக்கேன். வெச்சிடட்டா?"

முதல் வெள்ளிக்கிழமை நான் இறங்கியபோது அவள் வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். விடுதிக்குப் பின்னால் ஒரு கடுக்காய் மரம் இருக்கிறது. அதிலிருந்து உதிர்ந்த ஒரு காயைக் கொடுத்தேன். முகர்ந்தாள். நக்கினாள். கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"த்தூ, தொவர்க்குது."

"மலையில இதான் கெடைக்குது."

"சரி. போயிட்டுதான் வந்திருக்க" என்றாள்.

அண்ணி சொல்லித்தான், கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் படிக்கணக்கில் கிடைக்கும் என்று எனக்கு ஞாபகம் வந்தது. யாழினியிடம் இருவருமே அதைச் சொல்லவில்லை.

அடித்தட்டில் காமிக்ஸ் அடுக்குக்கு முன்னால் இப்போது கடுக்காய்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்று சேரும். பக்கங்கள் எதுவும் ஒட்டப்படவில்லை, காய்ந்த சோற்றுக் கறை மட்டும் ஓரங்களில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பெருக்கும்போது கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

கடுக்காய்க்கு எறும்பு வருவதில்லை.